செப்டிக் டேங்க் பழுதுகள்: அறிகுறியை வைத்துக் காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

செப்டிக் டேங்க் பற்றிய புகார் எதுவாக இருந்தாலும், கழிவு அகற்றும் லாரியை அழைப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். தொட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை வெளியேறும் குழாயோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சரியாக இயங்கும் தொட்டியில் நீர்மட்டம் எப்போதும் வெளியேறும் குழாயின் அடிவிளிம்பை ஒட்டியே நிற்கும். வீட்டிலிருந்து எவ்வளவு நீர் உள்ளே வருகிறதோ அவ்வளவு நீர், அதை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிக்குப் போய்விடும். மட்டம் அந்த விளிம்புக்கு மேல் ஏறியிருந்தால் தொட்டிக்கு அப்பால் எங்கோ அடைப்பு இருக்கிறது. விளிம்புக்குச் சரியாக நின்றும் வீட்டில் நீர் இறங்கவில்லை என்றால், அடைப்பு வீட்டுக்கும் தொட்டிக்கும் இடையில் இருக்கிறது. காலி செய்து பல நாளாகியும் விளிம்புக்குக் கீழே நின்றால் தொட்டி கசிகிறது. இந்த மூன்றையும் பிரித்தறியாமல் செலவு செய்பவர்கள், பெரும்பாலும் தவறான இடத்தைச் சரிசெய்துவிட்டு அதே புகாரோடு திரும்பி வருகிறார்கள்.

மூடியைத் திறப்பதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டியது: தொட்டிக்குள் மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் டை ஆக்சைடு ஆகியவை தேங்கியிருக்கும். தீக்குச்சி, பீடி, சிகரெட் எதுவும் அருகில் இருக்கக்கூடாது. காற்று வரும் திசையில் நின்றுகொண்டு, தலையைக் குனிந்து உள்ளே நீட்டாமல், டார்ச் விளக்கின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கூடவே இன்னொருவர் இருக்க வேண்டும். குழந்தைகளைத் தொலைவில் நிறுத்த வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு அடர்த்தி கூடும்போது மூக்கின் மணம் அறியும் திறனையே மழுங்கடித்துவிடும் என்பதால், நாற்றம் நின்றுவிட்டதை வைத்து ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணக்கூடாது. விழுந்த பொருளை எடுப்பதற்காகவோ, மயங்கி விழுந்தவரைத் தூக்குவதற்காகவோகூட யாரும் உள்ளே இறங்கக்கூடாது. தொட்டி மரணங்களில் பல, முதலில் விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவர்களின் மரணங்கள். ஆளை இறக்கிச் சுத்தம் செய்து தருவதாக ஒருவர் சொன்னால், அந்த வேலையை அங்கேயே தடுத்து நிறுத்துங்கள்.

## அறிகுறி: ஓர் இடத்தில் மட்டும் நீர் மெதுவாக இறங்குகிறது

இது தொட்டியின் குறை அல்ல. அந்தக் கழுவுதொட்டியோ கழிப்பறையோ இணைந்திருக்கும் குழாயில் முடியோ, சோப்புப் படிவோ, எண்ணெய்க் கட்டியோ சிக்கியிருக்கிறது. சல்லடையைக் கழற்றி வழித்தெடுப்பது, ரப்பர் பம்ப்பால் அழுத்தி இழுப்பது, வளையும் கம்பிச்சுருளைச் செலுத்துவது என்ற வரிசையில் முயன்றால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆசிட்டையும் அடைப்பு நீக்கும் பொடியையும் லிட்டர் கணக்கில் ஊற்றுவதால், தொட்டியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள்தாம் முதலில் பாதிக்கப்படும். ஆசிட்டும் பிளீச்சும் ஒன்று சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். ஒன்றை ஊற்றிய குழாயில் மற்றொன்றை ஒருபோதும் ஊற்றக்கூடாது.

## அறிகுறி: வீடு முழுவதும் நீர் இறங்க மறுக்கிறது, கீழ்த்தளத்தில் எதிர்த்து ஏறுகிறது

முதலில் குழாய்களை மூடி, வீட்டில் யாரும் நீர் ஊற்றாதபடி நிறுத்திவிட்டுத் தொட்டியைத் திறந்து பாருங்கள்.

### மட்டம் வெளியேறும் குழாயின் விளிம்பிலேயே இருந்தால்

அடைப்பு தொட்டிக்கு முன்னால் இருக்கிறது. வீட்டிலிருந்து தொட்டி வரை குழாய்வழியில் உள்ள சேம்பர்களின் (திறந்து பார்ப்பதற்கான சிறு குழிகளின்) மூடிகளை வீட்டுப் பக்கமிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து வந்தால், நிரம்பி நிற்கும் சேம்பருக்கும் காலியாக இருக்கும் அடுத்த சேம்பருக்கும் இடைப்பட்ட துண்டில்தான் அடைப்பு இருக்கும். ஈரத்துடைப்புத் தாள், நாப்கின், பஞ்சு, துணித்துண்டு ஆகியவை மிகவும் வழக்கமான காரணங்கள். ‘கழிப்பறையில் போடலாம்’ என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் ஈரத்துடைப்புத் தாள் நீரில் எளிதில் கரைவதில்லை. அடுத்துப் பார்க்க வேண்டியது, தொட்டிக்குள் நுழையும் குழாயின் முனையிலுள்ள டீ இணைப்பு (T வடிவக் குழாய்த் துண்டு). நீரின் மேல் எண்ணெயும் கழிவும் சேர்ந்து மிதக்கும் படலம் தடித்துப் போய் அதன் வாயை மூடியிருக்கலாம். நீண்ட கழியால் வெளியிலிருந்து அதை உடைத்துவிட முடியும். ஆனால் படலம் அந்த அளவுக்குத் தடித்துவிட்டது என்றாலே தொட்டியைக் காலி செய்யும் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

கம்பிச்சுருள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முட்டி நின்றாலோ, வெளியே வரும்போது வேர்த் துண்டுகளை இழுத்து வந்தாலோ குழாய் உடைந்திருக்கிறது அல்லது இணைப்பு பிரிந்திருக்கிறது. அதற்கு மேல் குத்தாமல் பிளம்பரை அழைத்து அந்தத் துண்டைத் தோண்டி மாற்றுவதே நல்லது, ஏனென்றால் பிரிந்த இணைப்பு வழியாகக் கழிவுநீர் தொட்டியையே அடையாமல் நேராக மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும்.

### மட்டம் விளிம்புக்கு மேல் ஏறியிருந்தால்

வெளியேறும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்குள்ள டீ இணைப்பில் கசடு அடைத்திருப்பது எளிய காரணம். வடிகட்டி பொருத்தப்பட்ட தொட்டிகளில் அந்த வடிகட்டியைக் கழுவாமல் விட்டிருப்பது அதைவிட எளியது. வடிகட்டியைத் தொட்டியின் வாய்க்கு மேலேயே பிடித்து, கழுவும் நீர் தொட்டிக்குள் விழும்படி கழுவ வேண்டும். இவை சரியாக இருந்தும் மட்டம் இறங்கவில்லை என்றால் உறிஞ்சுகுழி நீரை ஏற்கவில்லை. அதற்கான வழிமுறை கீழே தனித் தலைப்பில் உள்ளது.

### கசடு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளக்கும் முறை

தொட்டியின் ஆழத்தைவிட நீளமான கழி ஒன்றில் வெள்ளைத் துணியை இறுகச் சுற்றி, வெளியேறும் குழாய்ப் பக்கத்து வாய் வழியாக அடித்தளம் தொடும்வரை நேராக இறக்கி, சில நிமிடங்கள் நிறுத்தி, மெதுவாக மேலே எடுத்தால் துணியின் கீழ்ப்பகுதியில் கருத்த கறை தெரியும். அதுவே அடிக்கசடின் உயரம். மிதக்கும் படலத்தின் தடிமனை, முனையில் குறுக்குக் கட்டை அறைந்த இன்னொரு கழியை உள்ளே இறக்கி மேல்நோக்கி இழுக்கும்போது தட்டுப்படும் இடத்தை வைத்து அறியலாம். இரண்டும் சேர்ந்து நீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டிவிட்டால் லாரியை அழைக்க வேண்டும்: நீரின் ஆழம் 150 சென்டிமீட்டர் என்றால் கசடும் படலமும் சேர்ந்து 50 சென்டிமீட்டர். பெரும்பாலான வீடுகளில் இது 2 முதல் 5 ஆண்டுகளுக்குள் வந்துவிடும். ஆள் எண்ணிக்கையும் தொட்டியின் கொள்ளளவும் வீட்டுக்கு வீடு மாறுவதால், ஆண்டுக் கணக்கைவிடக் கழியின் அளவையே நம்புங்கள்.

தொட்டி இரண்டு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தால், லாரி வரும்போது இரண்டையும் காலி செய்யச் சொல்ல வேண்டும். முதல் அறையை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போவது நடக்கக்கூடியது. எடுத்த கசடு எங்கே கொட்டப்படுகிறது என்றும் கேட்க வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமல் ஏரியிலோ வாய்க்காலிலோ வயலோரத்திலோ கொட்டப்பட்டால், ஆண்டுக்கணக்கில் உங்கள் தொட்டி தடுத்து வைத்த நோய்க்கிருமிகள் அனைத்தும் ஒரே நாளில் ஊரின் நீருக்குள் போய்விடுகின்றன. இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம்.

## அறிகுறி: காலி செய்த ஒரு வாரத்திலேயே மீண்டும் நிரம்பிவிட்டது

இந்தப் புகாரோடு வருபவர்களில் பலருக்குத் தொட்டியில் குறையே இருப்பதில்லை. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 100 லிட்டர் என்று கொண்டால் நாளொன்றுக்கு 500 லிட்டர் நீர் தொட்டிக்குள் போகிறது; 3,000 லிட்டர் தொட்டி ஆறே நாளில் வெளியேறும் குழாயின் விளிம்பை எட்டும். அதுதான் அதன் இயல்பான நிலை. நிரம்பிய தொட்டியும் பொங்கும் தொட்டியும் ஒன்றல்ல. மூடியைத் திறந்து, மட்டம் விளிம்போடு நின்றால் மூடிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

மட்டம் விளிம்பைக் கடந்து மூடியை நெருங்கியிருந்தால், லாரியை மீண்டும் அழைப்பதில் பயனில்லை. தொட்டியைக் காலி செய்வது உறிஞ்சுகுழிக்குச் சில நாள் ஓய்வு தருமே தவிர அதைச் சரிசெய்யாது.

## அறிகுறி: உறிஞ்சுகுழியின் மேல் ஈரம், சேறு, அந்த இடத்தில் மட்டும் செழித்த புல்

கழிவுநீரில் மிச்சமிருக்கும் நோய்க்கிருமிகளை வடிகட்டும் வேலையைச் செய்வது மண். தொட்டிக்குள் திடப்பொருள் படிந்துவிடுகிறது என்றாலும், வெளியேறும் நீர் தெளிவாகத் தெரிந்தாலும் அதில் கிருமிகள் ஏராளமாக இருக்கும். ஆகவே மண் நீரை ஏற்க மறுத்து மேலே ததும்பும் நிலையை, நாற்றத் தொல்லையாக மட்டும் பார்க்கக்கூடாது. அந்த இடத்தில் குழந்தைகளோ கால்நடைகளோ நடமாடாதபடி முதலில் அடைத்துவிட்டு, பின்வரும் வரிசையில் தேடுங்கள்.

தேவைக்கு மேல் நீர் போகிறதா என்பது முதல் கேள்வி. கழிப்பறையின் ஃப்ளஷ் டேங்கில் சிறிது வண்ணச்சாயத்தைக் கலந்துவிட்டு அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் விட்டால், வால்வு கசிகிற டேங்கின் சாயம் கோப்பைக்குள் இறங்கியிருக்கும். ஓசையே இல்லாத இந்தக் கசிவு ஒரு நாளில் சில நூறு லிட்டரை உறிஞ்சுகுழிக்குள் தள்ளக்கூடும். அதை நிறுத்த ஒரு ரப்பர் வாஷர் போதும். மாடி மழைநீர்க் குழாய், முற்றத்து வடிகால், குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியின் கழிவுநீர் ஆகியவை தொட்டியோடு இணைக்கப்பட்டிருந்தால் அவற்றைப் பிரித்துவிட வேண்டும். ஒரே நாளில் துவைப்பு முழுவதையும் முடிக்கும் வழக்கம் இருந்தால் வாரம் முழுவதற்கும் பரப்பிக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் ஈரம் தோன்றுகிறது என்றால், மேட்டிலிருந்து ஓடிவரும் நீர் குழிக்குள் இறங்குகிறதா என்று பாருங்கள். குழியின் மேற்பரப்பைச் சற்று உயர்த்தி, ஓரத்தில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டினாலே போதுமானதாக இருக்கும். நிலத்தடி நீர் குழியின் அடி வரை ஏறிவிடும் இடமாக இருந்தால் இந்த ஏற்பாடு உதவாது. குழியின் அடிக்கும் நிலத்தடி நீரின் மிக உயர்ந்த மட்டத்துக்கும் இடையே குறைந்தது 2 மீட்டர் மண் இருக்க வேண்டும். அது இல்லாத நிலத்தில் ஆழக் குழிக்கு மாற்றாக, உயர்த்திய மண்மேட்டில் நீரைப் பரப்பும் அமைப்பையே நாட வேண்டும்.

கோடையிலும் ஈரம் இருக்கிறது, நீரைக் குறைத்துப் பயன்படுத்தி இரண்டு மூன்று நாள் பொறுத்த பின்னும் குழியின் மட்டம் இறங்கவில்லை என்றால் மண்ணின் துளைகள் அடைபட்டுவிட்டன. தொட்டியின் வெளியேறும் பக்கத்து டீ இணைப்பு உடைந்து விழுந்ததாலோ, காலி செய்யாமல் ஆண்டுகளைக் கடத்தியதாலோ கசடும் எண்ணெயும் குழிக்குள் சென்றிருக்கும். டீ இணைப்பு மிக மலிவான பொருள். அதை மாற்றாமல் விட்டதற்கு விலையாகப் போவது புதிய குழி. எனவே புதுக்குழி வெட்டுவதற்கு முன் டீயை மாற்றித் தொட்டியைக் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் புதிய குழியும் அதே வழியில் போய்விடும். பழைய குழியை மூடிவிடாமல், இரண்டுக்கும் இடையே திருப்பிவிடும் சேம்பர் ஒன்று அமைத்தால், பல மாத ஓய்வுக்குப் பின் பழைய குழியின் மண் ஓரளவு மீண்டு, இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

இந்தக் கட்டத்தில் மூன்று குறுக்குவழிகள் பரிந்துரைக்கப்படுவதைக் கேட்பீர்கள்: குழியைத் தண்ணீர் வரும்வரை ஆழப்படுத்துவது, நிரம்பும் நீரை மழைநீர்க் கால்வாயில் திருப்பிவிடுவது, வற்றிய ஆழ்துளைக் கிணற்றில் இறக்கிவிடுவது. மூன்றுமே புகாரை உங்கள் வீட்டிலிருந்து மறைத்து அக்கம்பக்கத்தார் குடிக்கும் நீரில் சேர்ப்பவை. மூன்றாவது அவற்றுள் மிகக் கொடியது. மண்ணின் வடிகட்டலே இல்லாமல் கழிவுநீர் நேராக நிலத்தடி நீரில் கலக்கிறது, கலந்ததைத் திரும்ப எடுக்க வழியில்லை.

புதிய குழியின் இடத்தையும் அளவையும் முடிவு செய்யும்போது, மண்ணின் உறிஞ்சும் வேகத்தைச் சோதித்துச் சொல்லக்கூடிய பொறியாளரை அழைக்க வேண்டும்.

## அறிகுறி: துர்நாற்றம்

### வீட்டுக்குள்

அதிகம் பயன்படுத்தாத குளியலறையின் டிராப்பில் (வாயுவைத் தடுக்க நீர் தேங்கும் வளைவில்) நிற்க வேண்டிய நீர் காய்ந்துபோனால் குழாய் வாயு நேராக மேலே வரும். ஒரு குவளை நீர் ஊற்றிச் சில மணி நேரம் பாருங்கள். அதற்குப் பின்னும் நாற்றம் இருந்தால் கழிப்பறைப் பீங்கானின் அடி இணைப்பைப் பார்க்க வேண்டும். ஃப்ளஷ் செய்யும்போது வேறொரு டிராப்பில் ‘களக் களக்’ என்ற ஒலி கேட்டால் காற்றுப்போக்கிக் குழாய் அடைபட்டிருக்கிறது; மாடிக்குச் சென்று, பறவைக் கூடோ, கிழிந்து மடங்கிய வலையோ வாயில் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

### வெளியே

மூடியின் விளிம்பைச் சுற்றிய விரிசல், மூடியின் கைப்பிடித் துளை ஆகியவை எளிய காரணங்கள். மீண்டும் உடைத்துத் திறக்கக்கூடிய மெலிந்த சிமென்ட் கலவையால் பூசினால் போதும். நாற்றத்துக்குப் பயந்து மூடியின் மேல் தரையோடு பதித்துவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். அதன் பிறகு அந்தத் தொட்டியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. காற்றுப்போக்கிக் குழாய் மேல்மாடி சன்னலுக்குக் கீழே முடிந்துவிட்டால் அதைக் கூரைக்கு மேல் உயர்த்துவதே வழி. அதன் வாயில் நுண்வலை கட்டியிருக்க வேண்டும். வீட்டில் திடீரென்று கொசு பெருகுவதற்கும் இந்த வலை கிழிந்திருப்பதே பல நேரங்களில் காரணம்.

தொட்டிக்குள் போடும் நுண்ணுயிர்ப் பொடிகளைப் பலரும் கேட்கிறார்கள். கழிவிலேயே தேவையான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. எந்தப் பொடியும் கசடு அகற்றுவதற்கு மாற்றாகாது, படிந்த கசடைக் கலக்கிவிடும் ரசாயனங்களோ அதை உறிஞ்சுகுழிக்குள் தள்ளிவிடும்.

## அறிகுறி: தொட்டி நிரம்பவே இல்லை

இதை ஒரு அறிகுறியாகவே பெரும்பாலானோர் எண்ணுவதில்லை. கட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூடக் காலி செய்யத் தேவைப்படவில்லை என்று பெருமையாகச் சொல்லப்படும் தொட்டிதான், இந்தப் பட்டியலில் உள்ள எல்லாவற்றிலும் எனக்கு மிகுந்த கவலை தருவது. அடித்தளம் போடாமலோ, கற்களுக்கு இடையே பூச்சில்லாமலோ கட்டப்பட்ட தொட்டியிலிருந்து கழிவு முழுவதும் ஆழத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். வீட்டாருக்கு நாற்றமும் இல்லை, செலவும் இல்லை. விளைவு முழுவதையும் கிணறுதான் சுமக்கிறது.

சோதனை எளிது. மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். வீட்டில் வழக்கம்போல் நீர் புழங்கும்போதும் மட்டம் வெளியேறும் குழாய்க்குக் கீழேயே நின்றால் கசிவு உறுதி. ஐயமாக இருந்தால், கசடு அகற்றிய பின் குழாய் விளிம்பு வரை தூய நீரை நிரப்பி, வீட்டில் யாரும் இல்லாத ஒரு நாளில் கழியில் குறியிட்டு, 24 மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். புதிதாக நிரப்பும்போது சுவர் சிறிது நீரை உறிஞ்சும் என்பதால், நிரப்பிய மறுநாள் விளிம்பு வரை மீண்டும் ஊற்றிவிட்டு அளவைத் தொடங்குவது நல்லது. மட்டம் தெளிவாக இறங்கியிருந்தால் இறங்கி நின்ற இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்; சுவர் விரிசல் வழியாகக் கசிந்தால் மட்டம் அந்த விரிசலின் உயரத்தில் நின்றுவிடும், அடித்தளம் கசிந்தால் தொடர்ந்து இறங்கும்.

இதற்கு வீட்டாரே செய்யக்கூடிய தீர்வு கிடையாது. உள்ளே ஆள் இறங்கிப் பூசும் வேலையைக் கொத்தனாரிடம் சாதாரணக் கூலி வேலையாக ஒப்படைப்பதும் ஆபத்தானது. முழுவதும் காலி செய்து, இயந்திரத்தால் காற்றோட்டம் கொடுத்து, வாயு அளவி கொண்டு சோதித்து, பாதுகாப்புக் கயிறோடு வேலை செய்யத் தெரிந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரிய வேலை அது. அடித்தளமே இல்லாத பழைய தொட்டிக்குப் பூச்சைவிட, நீர் கசியாத புதிய தொட்டியை அமைத்துவிட்டுப் பழையதைக் காலி செய்து மண்ணால் நிரப்புவதே பல நேரங்களில் நல்ல முடிவு.

## அறிகுறி: கிணற்று நீரில் நாற்றம், நுரை, வீட்டில் அடிக்கடி வயிற்றுப்போக்கு

மாசுபட்ட நீர் பார்ப்பதற்கும் குடிப்பதற்கும் மாற்றமின்றி இருக்கலாம். ஆகவே அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்தை ஒட்டி, கிணற்று நீரை ஆய்வகத்தில் சோதிப்பது நல்லது. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல்படி குடிநீரின் 100 மில்லிலிட்டரில், மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா ஒன்றுகூடக் காணப்படக்கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஐயம் எழுந்த அன்றே, முடிவு வரும்வரை வேறு நீரைக் குடிக்கத் தொடங்குங்கள். கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும், நைட்ரேட் அழியாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். நைட்ரேட் மிகுந்த நீரில் கலக்கிய பால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனை எடுத்துச் செல்லும் திறனைக் குறைத்துவிடும் என்பதால், குழந்தை உள்ள வீட்டில் இதை ஒத்திப்போடவே கூடாது.

காரணத்தைத் தேடும்போது கிணற்றிலிருந்தே தொடங்க வேண்டும். கைப்பிடிச் சுவர் விரிசல், ஆழ்துளைக் கிணற்றின் வாய் திறந்து கிடப்பது, மேடை உடைந்து மழைநீர் உள்ளே இறங்குவது ஆகியவை எளிதில் சரியாகும். அவற்றைச் சரிசெய்து, கிணற்றில் குளோரின் இட்டு, இட்ட குளோரின் முற்றிலும் நீங்கிய பிறகு மீண்டும் சோதித்துப் பாருங்கள். ஈ.கோலை திரும்பவும் தென்பட்டால் கிணற்றுக்குள் கழிவு தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. அப்போது உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். 30 மீட்டருக்குக் குறைவாக இருந்தாலோ, கிணறு தாழ்வான பக்கத்தில் இருந்தாலோ ஐயம் வலுக்கும். உங்கள் குழியை மட்டும் அளந்து நிறுத்திவிடாமல், பக்கத்து வீட்டுக் குழியையும் கணக்கில் கொள்ளுங்கள். அவர்களுடைய கிணற்றை நோக்கி உங்கள் குழி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். நைட்ரேட் மட்டும் உயர்ந்து ஈ.கோலை இல்லாதிருந்தால் வயல் உரமோ மாட்டுத் தொழுவமோகூடக் காரணமாக இருக்கலாம்.

தீங்கற்ற ஃபுளோரசீன் சாயத்தைக் கழிப்பறையில் ஊற்றிக் கிணற்றில் அது தோன்றுகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. சாயம் தோன்றினால் இணைப்பு உறுதி. தோன்றவில்லை என்பதை நற்சான்றாகக் கொள்ளக்கூடாது, ஏனென்றால் மண்ணைப் பொறுத்து அது வந்து சேர வாரங்கள் ஆகலாம், மண்ணிலேயே ஒட்டிக்கொண்டு வராமலும் போகலாம். இரண்டாவது ஆய்விலும் ஈ.கோலை வந்தால் சுகாதார அலுவலரையும் நிலத்தடி நீர் அறிந்த வல்லுநரையும் அழைக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

## அறிகுறி: வெள்ளத்துக்குப் பின் தொட்டி நிரம்பி நிற்கிறது

இங்கே அவசரம்தான் பெரிய ஆபத்து. மண் முழுவதும் நீர் ஊறியிருக்கும்போது தொட்டியைக் காலி செய்தால், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தால் பிளாஸ்டிக், ஃபைபர் தொட்டிகள் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே மிதந்து வந்துவிடும். செங்கல் தொட்டியின் சுவரும் அடித்தளமும் வெடிக்கலாம். வெள்ளம் வடிந்து, உறிஞ்சுகுழியைச் சுற்றிய நிலத்தடி நீர் இறங்கும்வரை கழிப்பறையில் ஊற்றும் நீரைக் கூடுமானவரை குறைத்துக்கொண்டு பொறுத்திருங்கள். வடிந்த பின் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். தானாகவே விளிம்புக்கு இறங்கியிருந்தால், உள்ளே வண்டல் புகுந்திருக்கிறதா என்று கழியால் அளந்து, தேவையானால் மட்டும் காலி செய்யலாம். மோட்டார் பொருத்திய அமைப்பாக இருந்தால், மின்பணியாளர் சோதிக்கும்வரை மின் இணைப்பைக் கொடுக்கக்கூடாது. வெள்ளநீர் புகுந்த கிணற்றின் நீரை, குளோரின் இட்டு ஆய்வக முடிவு கைக்கு வரும்வரை குடிக்கவோ, பாத்திரம் கழுவவோ, பல் துலக்கவோ பயன்படுத்தக்கூடாது.